ஷஃபியுல்லா முறுக்கிய இரண்டு வயர்கள்

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆற்றை ஒட்டியிருந்த அந்த கிளப்பில் ஷஃபியுல்லா பதினேழு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தார். கான்ட்ராக்ட் ஆள்தான். ஆனாலும் எந்த விளக்குக்கு எந்த ஸ்விட்ச், எந்த மோட்டாருக்கு எந்த ஃப்யூஸ் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மந்தைவெளி வீட்டில் மனைவி அஸ்மத்துன்னிசாவிடம், "என் கை படாம அங்க ஒரு பல்பு எரியாது" என்று பெருமையடித்துக்கொள்வார்.

நான்கு வருடத்துக்கு முன் கிளப்புக்கு ஒரு பேட்டரி டிராக்டர் வந்தது. புல் வெட்டவும், தென்னை மட்டைகளையும் உரமூட்டைகளையும் இழுக்கவும் வாங்கிய சின்ன வண்டி. தோட்டத்து ஆண்கள் இரண்டு பேரும் நமக்கு இது ஆகாது என்று ஒதுங்கிக்கொள்ள, கங்கம்மா ஏறி உட்கார்ந்தாள். சீனிவாசபுரத்துக்காரி. பல வருடம் மீன்கூடை சுமந்துவிட்டுத் தோட்ட வேலைக்கு வந்தவள். ஒரே வாரத்தில் ஓட்டப் பழகிவிட்டாள்.

"தலைல தூக்கினது போதும் பாய். இனிமே குந்திக்கினே தூக்குறேன்" என்று சிரித்தாள்.

வண்டியில் ஒரு தொல்லை இருந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச். ஓட்டுகிறவர் எழுந்தால் மோட்டாருக்குப் போகும் கரண்டை அது நிறுத்திவிடும். நாளடைவில் அந்த ஸ்விட்ச் கெட்டுப்போய், பள்ளத்தில் கங்கம்மா லேசாகக் குலுங்கினாலே வண்டி நின்றது. ஒரு கல்யாண வரவேற்புக்கு முதல் நாள், புல்வெளி பாதி வெட்டிய நிலையில் ஏழெட்டு முறை நின்றுவிட, மேனேஜர் பிரசாத் ஷஃபியுல்லாவைக் கூப்பிட்டார்.

"என்ன பாய் இது, விளையாட்டா? நிக்காம ஓடணும். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க."

"புது ஸ்விட்ச் வாங்கணும் சார்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

ஷஃபியுல்லா ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு வயர்களையும் உரித்து, ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். இரண்டு நிமிட வேலை. இனி சீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டிக்கு ஒன்றுதான். அடுத்த வாரம் புது ஸ்விட்ச் போட்டுவிடலாம் என்று நினைத்தார். பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

போன ஜூனில் ஒரு காலை, வழியில் கிடந்த மட்டையை எடுக்கச் சாவியை அணைக்காமலே கங்கம்மா இறங்கினாள். எப்போதும் அப்படித்தான் இறங்குவாள். குனிந்தவள்மேல் வண்டி தானாகப் பாய்ந்தது. சக்கரத்துக்கும் நடைபாதை விளிம்புக் கல்லுக்கும் நடுவில் இடது பாதம் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

அன்று மதியமே பிரசாத் ஒரு காகிதத்தை நீட்டினார். வண்டியைப் பரிசோதித்ததில் கோளாறு எதுவும் இல்லை என்று டைப் அடித்திருந்தது. ஷஃபியுல்லா புல்வெளியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். ஒழுங்காகத்தான் ஓடியது. பேனாவை வாங்கியபோது சீட்டுக்கடியில் தான் முறுக்கிய வயர் நினைவுக்கு வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

பெடலில் இருந்து காலை எடுக்காமல் இறங்கியிருக்கிறாள், அவளுடைய கவனக்குறைவுதான் என்று முடிவாயிற்று. கங்கம்மாவுக்கு வேலை போயிற்று.

மூன்று மாதம் வண்டி ஷெட்டில் கிடந்தது. கிளப்பின் ஆண்டுவிழா நெருங்கியதும், "மொத்த வயரிங்கையும் மாத்தி டெஸ்ட் பண்ணிக் குடுங்க பாய்" என்றார் பிரசாத்.

ஷஃபியுல்லா பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, கீழே மரக்கட்டை கொடுத்தார். பழைய வயரைக் கழற்றுவதற்கு முன் அன்று நடந்தது என்னவென்று பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. சாவியைத் திருப்பினார். சக்கரம் அசையவில்லை. ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தார். ஆக்சிலரேட்டர் பெடலில் இருந்து மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கண்ட்ரோலர் பெட்டிக்குப் போகும் கறுப்பு வயரை ஆட்டியதும் சக்கரங்கள் வெறிபிடித்ததுபோல் சுழன்றன. சீட்டில் ஆள் இல்லை. பெடலில் கால் இல்லை. பதறிப்போய்ச் சாவியை அணைத்தார்.

வயரை உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. மேலுறை நன்றாக இருந்ததால் வெளியே தெரியவில்லை. அந்தத் தொடர்பு விட்டுப்போகும்போதெல்லாம், யாரோ பெடலை முழுதாக அழுத்துவதாகக் கண்ட்ரோலர் எடுத்துக்கொண்டது.

பிறகு சீட்டுக்கடியில் டேப்பைப் பிரித்து, தான் போட்ட முறுக்கை அவிழ்த்தார். சாவியைத் திருப்பி அதே வயரை ஆட்டினார். சக்கரம் அசையவில்லை. மறுபடி ஆட்டினார். அசையவேயில்லை. தான் முறுக்காமல் விட்டிருந்தால், அன்று கங்கம்மா எழுந்ததுமே கரண்ட் நின்றிருக்கும். ஷெட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாளில் வயரிங் முழுவதையும் மாற்றினார். புது சீட் ஸ்விட்ச் போட்டார். கால் எடுத்ததும் கரண்ட் நின்றுபோகிற புதுப் பெடலும் போட்டார். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். பெடலை அழுத்தியபடியே சீட்டில் இருபது முறை உட்கார்ந்து எழுந்தார். இருபது முறையும் சக்கரம் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு நேராக பிரசாத்தின் அறைக்குப் போனார்.

"சார், தப்பு கங்கம்மா மேல இல்ல. என் மேல."

பிரசாத் எழுந்து கதவைச் சாத்தினார். "கோளாறு இல்லன்னு கையெழுத்து போட்டது நீங்க. இப்ப மாத்திச் சொன்னா மாட்டப்போறதும் நீங்கதான் பாய்."

"ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னது நீங்க சார்."

"நிக்காம ஓடணும்னு சொன்னேன். வயரை முறுக்கச் சொன்னேனா?"

ஷஃபியுல்லா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் சீனிவாசபுரம் போனார். கங்கம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கோ இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்து, இடது காலை அதன்மேல் வைத்திருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"கையெழுத்து போட்டியே, அப்பவே தெரியுமா பாய் உனுக்கு?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். யாராலும் பொய்யென்று நிரூபிக்க முடியாது.

"தெரியும்" என்றார்.

கங்கம்மாவின் கை நின்றது. "என் வூட்டுக்காரனே என்னிய நம்பல, தெரியுமா? நீ ஒயுங்கா எறங்கிருந்தா இப்டி ஆயிருக்குமான்றான். எனக்கே டவுட்டு வந்துச்சு. பெடல்ல கால் வச்சிக்கினே எறங்கிட்டமோன்னு மூணு மாசமா மண்டைய ஒடச்சிக்கினு கெடக்கறேன். நீ இன்னாடான்னா தெரிஞ்சிக்கினே டூட்டிக்குப் போய்க்கினு இருந்துகீற."

"மன்னிச்சிரும்மா."

"அத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? நடக்க முடியுமா? எழுதிக் குடு. உள்ளத உள்ளபடி எழுதிக் குடு."

அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தைக் கங்கம்மா கிளப்புக்கு அனுப்பிய மறுநாளே ஷஃபியுல்லாவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கங்கம்மாவுக்கு ஒரு பதில் வந்தது: கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் அனுமதியில்லாமல் செய்த தவறு, அதற்கு கிளப் பொறுப்பாகாது. ஷஃபியுல்லாவை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டரோ அப்படி ஒரு ஆளையே தெரியாது என்றார். உண்மையைச் சொன்னால் அவளுக்காவது நியாயம் கிடைக்கும் என்று நினைத்திருந்தார் ஷஃபியுல்லா. கிளப் அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது.

கங்கம்மா தொழிலாளர் அலுவலகத்தில் மனுப்போட்டாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஷஃபியுல்லா சாட்சியாகப் போகிறார். இப்போது வீடு வீடாக இன்வெர்ட்டர் பேட்டரி பார்க்கும் வேலை. அன்றைக்கு மட்டும் அதை விட்டுவிடுவார்.

மூன்றாவது வாய்தா அன்று, இரண்டாவது மாடிக்கு ஊன்றுகோலோடு ஏறிக்கொண்டிருந்தவளிடம் கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை.

"நீ மேல போ பாய். பேரக் கூப்ட்றப் போறாங்கோ."

மேலே போனார். கிளப் தரப்பு வக்கீல் வரவில்லை. அடுத்த தேதி கொடுத்தார்கள். இறங்கி வந்தபோது அவள் முதல் மாடி வளைவில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாவாம்?"

"அடுத்த மாசம் பன்னண்டாந் தேதி."

கங்கம்மா ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தாள். ஷஃபியுல்லா இரண்டு படி தள்ளியே இறங்கினார்.