இருபத்தைந்தாவது கரண்டி

சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷமாகத் தேங்காய்ச் சிரட்டைக் கரண்டி விற்கிறேன். கொசுறாக ஒன்று போடாமல் பையை நீட்ட எனக்குக் கை வராது. மனைவி இறந்தபின் பேச்சுத்துணை இல்லை; வாங்க வருகிறவர்களும் செல்போனைப் பார்த்தபடியே போகிறார்கள். வெளிநாட்டுக்கு விற்கும் இணையதளம் ஒன்றில் கணக்குத் தொடங்கினேன்.

முதல் ஆர்டர் நார்வேயில் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணியுடையது. கேட்டது இருபத்துநாலு. ஒரு சின்னக் கரண்டியையும் சேர்த்து அனுப்பினேன். "சின்னதை விற்கவில்லை, என் சமையலறையில் வைத்துக்கொண்டேன்" என்று எழுதினார். அன்று முழுக்க அதையே எடுத்தெடுத்துப் படித்தேன். அவருக்குப் போன அடுத்த இரண்டு பெட்டிகளிலும் ஒவ்வொன்று வைத்தேன்.

நாலாவது பெட்டியை அந்த நாட்டுச் சுங்கத்தில் பிரித்து எண்ணிவிட்டார்கள். ஏற்றுமதிப் பத்திரத்தில் இருபத்துநாலு, உள்ளே இருபத்தைந்து. இணையதளம் என் கணக்கை முடக்கிக் காரணம் கேட்டது. திரையில் இரண்டே கட்டங்கள்: எண்ணுவதில் பிழை, மறைத்து அனுப்பியது. கொசுறுக்குக் கட்டம் இல்லை.

ஏற்றுமதிப் பத்திரம் எழுதித் தரும் ஏஜென்டைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, எண்ணினது தெற்றிப்போச்சுன்னு போடுங்க. வேற ஒண்ணும் எழுதண்டா."

"நான் எண்ணித் தப்பினதே இல்ல டே."

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதில்லா."

அவன் சொன்னதும் நியாயம்தான். முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்ப, காகிதத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? எரிச்சலோடு முதல் கட்டத்தைத் தொட்டேன். கணக்கு திறந்தது.

அடுத்த பெட்டியில் சரியாக இருபத்துநாலு வைத்து, மீதி இடத்தில் பழைய பேப்பரைத் திணித்தேன். அது போய்ச் சேர்ந்ததும் அவர் எழுதினார்: "இந்த முறை சின்னக் கரண்டி இல்லையே. உடம்பு நன்றாக இருக்கிறதா?"

இந்த ஊரில் யாரும் என்னை அப்படிக் கேட்டுப் பல மாதமாகிறது. அழுகை வந்துவிட்டது.

உண்மையை எழுதத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் பேச்சை இணையதளமும் படிக்கும், விதியிலேயே இருக்கிறது. வேண்டுமென்றேதான் வைத்தேன் என்றால், மறைத்து அனுப்பியவன் ஆவேன். கணக்கு போகும், அதோடு அவரும் போய்விடுவார்.

"உடம்பு நலம். முன்பெல்லாம் எண்ணுவதில் பிழை செய்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று அனுப்பினேன்.

"அப்படியா, சரி" என்று பதில் வந்தது.

ஆர்டர் இன்னும் தவறாமல் வருகிறது. அதில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது.