பாம்பனில் தொலைத்த தாழம்பூ அத்தர்

புரட்டாசிக் கடைசியில் கீழக்கரைக்குப் போனேன். பூக்களிலிருந்து வாசனைத் தைலம் இறக்குவது என் தொழில். என்னிடம் வாங்குகிற ரஹ்மத்து கூப்பிட்டிருந்தாள். அவள் கணவர் ஷாஜகான் விடுமுறை முடிந்து துபாய் திரும்புகிறார். அங்கே தினமும் பூசிக்கொள்ள, வீட்டுப் பின்புறத் தாழம்பூவில் அத்தர் வேண்டும். பூவை விடியலில் வெட்டுவார்கள். வடிக்க நாலு மணி நேரம் ஆகும். மதியம் இரண்டு மணிக்கு அவர் விமான நிலையம் கிளம்ப வேண்டும்.

மதுரையிலிருந்து ராமநாதபுரம் 115 கிலோமீட்டர். அதிகாலை நாலரைக்கு இறங்கினேன். கீழக்கரை இன்னும் 17 கிலோமீட்டர்தான். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு பாம்பன் பாலத்தில் சூரிய உதயம் பார்க்காமலா? ராமேஸ்வரம் பேருந்தில் ஏறிவிட்டேன். கீழக்கரையில் வேலை இருப்பதைச் சொன்னதும் நடத்துநர், "போயிட்டு வர மதியமாயிரும், பாத்துக்கங்க" என்றார். கேட்டேனா?

பாம்பனில் ஒரே மேகம். விலகும், விலகும் என்று எட்டரை வரை நின்றேன். கீழக்கரை சேரும்போது பதினொன்று. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

ரஹ்மத்து பூவை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் டீ கொடுத்தாள். அதுதான் அதிகம் உறுத்தியது. செப்புப் பானையில் வடிக்க நேரமில்லை. பையில் ஸ்பிரிட் இருந்தது. அதில் ஊறவைத்தால் இரண்டு மணி நேரத்தில் மணம் இறங்கிவிடும். இறங்கியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஷாஜகான் குப்பியைத் திறந்து முகர்ந்தார்.

"இதுல ஸ்பிரிட் கலந்திருக்கா, அக்கா?"

ஆமாம் என்றேன்.

"தப்பா நெனைக்காதீக. தொழுவுற சட்டையில இதப் பூச எனக்கு மனசு வராது."

மூடியைத் திருகி என்னிடமே தந்தார். பிறகு, மிச்சமிருந்த பூவிலிருந்து நாலு மடல் கிழித்து, பெட்டியில் மடித்துவைத்த சட்டைகளுக்கு நடுவே வைத்தார். ஸ்பிரிட்டும் மதுதான், தொழுகிறவர்களுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாததா என்ன? அவசரத்தில் மறந்தேன்.

தாழம்பூவுக்காகப் போகிறவர்கள் ராமநாதபுரத்தில் இறங்கியதும் கீழக்கரைப் பேருந்தில் ஏறுங்கள். பாலத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். யாருக்குச் செய்கிறோம் என்பதைக் கேட்டுவிட்டுப் பையைத் திறங்கள்.

தாழை மடல் ஒரு மாதம் மணக்கும். ஷாஜகானுக்கு அடுத்த விடுமுறை இரண்டு வருடம் கழித்து.