பன்னிரண்டாவது கதவு

காலை 6.40. பதுளையில் மடுல்சீமை பஸ் புறப்படும்போதே எனக்குக் கோபம்தான். மகளிர் தின மலருக்கு ‘வரலாற்றை மாற்றிய பெண்கள்’ பற்றி எழுதச் சொன்னால், என் வகுப்புப் பிள்ளைகள் ராணிகளையும் விஞ்ஞானிகளையும் இணையத்திலிருந்து அப்படியே இறக்கித் தந்திருந்தார்கள். பக்கத்தில் ஒருத்தியும் இல்லையா என்று ஏசினேன். “மடுல்சீமைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல வேல வாங்குற ஒரு கங்காணியம்மா, ஒரு லயத்தையே காப்பாத்துனாங்க டீச்சர்” என்றாள் ஒரு மாணவி. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்; நானே அவரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. டிக்கெட் நூற்றெழுபது ரூபாய்.

பசறையைத் தாண்டியதும் சரிவெல்லாம் செம்மண் பிளவுகள். அடைமழை விட்டு ஐந்து நாளாகியும் பஸ்ஸில் பயம் விடவில்லை. எல்லோரும் மலைப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

9.10. மடுல்சீமை. தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு. சாரதி ரவி கோயில் வளைவோடு நிறுத்திவிட்டார்.

“இதுக்குக் கீழ வரமாட்டேன் டீச்சர். அந்த லயத்தப் பாத்தாலே என்னமோ மாதிரி இருக்கு.”

“ஏன் தம்பி, ஆக்கள் இல்லையோ?”

“ஆளும் இல்ல, கதவும் இல்ல.”

சிரித்துக்கொண்டே இறங்கினேன். கீழே போனபின் சிரிப்பு வரவில்லை. மூடுபனிக்குள் லயம்: ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு தொழிலாளர் வீடுகள். வாசல்கள் பல் விழுந்த வாய்போலத் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் அடுப்பின்மேல் பானை. இன்னொன்றில் கொடியில் பள்ளிச் சீருடை, ஐந்து நாளாகக் காயாமல். பனி ஒரு வாசலுக்குள் நுழைந்து, குடியிருக்க வந்ததுபோல உள்ளேயே நின்றது. நாய்கூட இல்லை. எங்கோ ‘டொக், டொக்’ என்று சத்தம். உண்மையைச் சொன்னால், பயந்துவிட்டேன்.

சத்தம் கடைசி வீட்டிலிருந்து வந்தது. அதற்கு மட்டும் கதவு இருந்தது. ஒரு பெண் அலவாங்குக் கடப்பாரையின் முனையால் அதைத் தட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் என்று சொல்லிக்கொண்டேன். நான் தேடி வந்த கங்காணி செல்வமணி அவர்தான்.

“நல்ல நேரம் பாத்து வந்தீங்க” என்றார், திரும்பாமலே.

தட்டிக்கொண்டே கதையைச் சொன்னார். மழை நாளில், மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் கலங்கி விழுந்தது. பிறகு நின்றே போனது. மலை அசைகிறதென்று தகரத்தை அடித்து, சிரித்தவர்களையும் இழுத்துக்கொண்டு எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஏற்றினார். அன்றே மேட்டு மண் சரிந்து அடுப்படிச் சுவர்களில் சாய்ந்து நின்றது. குடியிருக்கக் கூடாதென்று அதிகாரிகள் நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்றாம் நாளே ஆட்கள் திரும்பத் தொடங்கிவிட்டார்கள்.

“நோட்டீஸ யாரு மதிக்கிறா? சிறுத்த வர்ற எடத்துல, கதவில்லாத வீட்டுல எவன் படுப்பான்? பொம்பளைங்க சேந்து கதவெல்லாத்தையும் கழட்டிட்டோம். மண்டபத்துல அதையே மறைப்பா நிறுத்தி, குடும்பத்துக்கு ஒரு அறை.”

மீதமிருந்தது அவருடைய சொந்தக் கதவு. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கணவர் மாரிமுத்து.

“வரமாட்டேன். இத விட்டா நாளைக்கு எத நம்ம வீடும்ப? நம்ம பேருல ஒரு முழம் மண்ணு இருக்கா?”

தட்டும் சத்தம் நின்றது.

“இல்லதாங்க” என்றார் செல்வமணி. “வெளிய வாங்க. சேந்து கேப்போம்.”

அப்போது காலுக்கடியில் ஏதோ முனகியது. காற்றே இல்லை, கூரைத் தகரங்கள் ஒவ்வொன்றாகத் துடித்தன. சுவர் விரிசலிலிருந்து மணல் கொட்டத் தொடங்கியது. உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு அசையவில்லை.

“செல்வமணி, தெறக்க முடியல புள்ள. கதவு நெல கோணிக்கிச்சு.”

அவர் அழவுமில்லை, ஏசவுமில்லை. அலவாங்கை இடுக்கில் செருகி, “புடிங்க டீச்சர்” என்றார். சோக்குக் கட்டியைத் தவிர எதையும் அழுத்திப் பழகாத கைகளோடு நானும் தொங்கினேன். மூன்றாம் தடவை பலகை பிளந்தது. மாரிமுத்து அந்தப் பிளவால் வெளியே வந்து விழுந்தார். செல்வமணி அவர் முகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு முதுகில் ஓர் அடி வைத்தார்.

11.30. பள்ளிக்கூட மண்டபத்தில் நீலமும் பச்சையுமாகப் பதினொரு கதவுகள் நின்றன. செல்வமணியின் மூலைக்கு மட்டும் ஒரு பழைய சேலை. மாரிமுத்து அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

1.15. செல்வமணி கோயில் வளைவுவரை கூட வந்தார். கீழே லயம் அப்படியே நின்றது. என் ஊரான யாழ்ப்பாணத்தில் எங்கள் காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறது. வேலி ஒரு விரற்கடை நகர்ந்தால் வழக்குப் போடுவோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

“அது விழாமலே நிண்டால் என்ன செய்வீங்கள்?” என்று கேட்டேன்.

“என்னையத்தான் ஏசுவாங்க. ஏசட்டும் டீச்சர். ஏசுறதுக்கு எல்லாரும் இருக்காங்கல்ல.”