சம்பந்தியிடம் சொல்லவேண்டிய வார்த்தை

“மழை இன்எவிட்டபிள்” என்று சொல்லிவிட்டு நீலத் தார்ப்பாயைத் தரையில் உதறி விரிக்கிறார் ஜெக்கரியா. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு ஓடிவந்திருக்கும் விவசாயி செம்மொழி, வானத்தைப் பார்க்கிறார், தார்ப்பாயைப் பார்க்கிறார். “வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க பாய்.”

“அதத்தான் சொல்றேன் தம்பி. தவிர்க்கவே முடியாது.”

குடவாசல் கடைத்தெருவில் தார்ப்பாய், கயிறு, பிளாஸ்டிக் குடம் விற்கிறவர் ஜெக்கரியா. தினமும் காலையில் அவருடைய செல்போனுக்குக் கடினமான ஆங்கிலச் சொல் ஒன்று பொருளோடு வந்து சேரும். அன்று கடைக்கு வருகிற யாரும் அதிலிருந்து தப்ப முடியாது. “வார்த்தையும் செருப்பு மாதிரிதாங்க. போட்டு நடந்தாத்தான் காலுக்குப் பழகும்” என்பார். குடம் வாங்க வந்த பெண்கள் ‘யுபிக்விட்டஸ்’ஸையும் இடுப்பில் சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள். குறை சொல்லக்கூடாது, அதற்கென்று தனியாகக் காசு வாங்குவதில்லை.

இந்த வயதில் இந்தப் பாடு எதற்கு என்றால், சம்பந்திக்காக. மகன் ஃபாஜில் லீட்ஸ் நகரத்தில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்குப் போக விசா கிடைக்கவில்லை. சம்பந்தி கென்னத்தை ஜெக்கரியா பார்த்ததெல்லாம் கைபேசித் திரையில்தான். பந்தியில் முதல் இலையில் உட்காரவைத்து, நெஞ்சு நிறையப் பேசி அனுப்பவேண்டிய உறவு. அந்தக் குறையை ஆங்கிலத்திலாவது தீர்த்துவிட வேண்டும் என்று இறங்கிவிட்டார்.

முதல் பேச்சிலேயே “மேக்னானிமஸ் ஃபேமிலி” என்று ஒரு போடு போட்டார். கென்னத் மகளைப் பார்த்தார். மகள் ஃபாஜிலைப் பார்த்தாள். ஃபாஜில் தன் செல்போனைத் தடவிப் பார்த்து, பெருந்தன்மை என்று பொருளைக் கண்டுபிடிப்பதற்குள் இங்கே கரண்ட் போய் இணைப்பு அறுந்துவிட்டது.

“அத்தா, அவரு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவரு. சின்ன வார்த்தையா பேசுங்க” என்று கெஞ்சினான் ஃபாஜில்.

“சின்ன வார்த்தையெல்லாம் வேலைக்காரன்கிட்ட பேசுறதுடா. கம், கோ, குவிக். ஜித்தால வேலைக்கு இருந்த வருஷம் பூரா நான் அதத்தான் வாங்குனேன். சம்பந்திகிட்ட போயி அப்படிப் பேசவா?”

ஃபாஜில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் ஜெக்கரியாவின் மனைவி கமருன்னிஸாவுக்கு இந்தக் கவலையே கிடையாது. கென்னத்தின் மனைவி மார்கரெட்டோடு அவர் ‘குட்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் குடும்பம் நடத்தினார். இவர் மீன் குழம்பைக் காட்டி “குட்?” என்பார். அந்த அம்மாள் ரோஜாச் செடியைக் காட்டி “குட்?” என்பார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “மொழியே இல்லாம பேசுதுங்க பாரு” என்று தலையில் அடித்துக்கொள்வார் ஜெக்கரியா. உள்ளுக்குள் பொறாமைதான்.

செம்மொழி தார்ப்பாய் வாங்கிப்போன வாரத்திலேயே மார்கரெட் மௌத்தாகிவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டதாக ஃபாஜில் சொன்னான். கமருன்னிஸா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதார். ஜெக்கரியாவுக்கு அழுகையோடு பயமும் வந்தது. சம்பந்தியிடம் துக்கம் கேட்டாக வேண்டும். அதில் ஒரு சொல் தவறினாலும் ஆயுசுக்கும் பழி. எல்லாரும் கூடியிருக்கும் நேரம் பார்த்து மறுநாள் பின்னேரம் அழைப்பதாக மகன் சொல்லியிருந்தான்.

மறுநாள் காலையிலிருந்தே துக்கச் சொற்களின் ஒத்திகை. ‘கண்டோலன்ஸ்’, ‘பிரீவ்மென்ட்’, ‘இர்ரெப்பரபிள்’. இன்னொரு தார்ப்பாய் கேட்டு வந்த செம்மொழியின் மீது கடைசிச் சொல்லைப் போட்டுப் பார்த்தார்.

“அப்படின்னா?”

“சரி பண்ணவே முடியாததுன்னு அர்த்தம்.”

“அப்ப அது வேணாம் பாய். வேற நல்லதா ஒண்ணு குடுங்க.”

அழைப்பு வந்தபோது வெளியே மேகம் திரண்டுவிட்டது. அறுத்துப் போட்ட நெல் ஊரெல்லாம் வெட்டவெளியில் கிடந்தது. தார்ப்பாய்க் கடைக்கு வருஷத்தில் வாய்க்கிற நல்ல நேரமே அதுதான். தெருவில் டிராக்டர்கள் வரிசைகட்டத் தொடங்கியிருந்தன. ஜெக்கரியா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, செல்போனைக் கல்லாப்பெட்டி மேல் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்தார்.

திரையில் கென்னத் தெரிந்தார். சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஜெக்கரியா வாயைத் திறந்தார். மனப்பாடம் செய்த மூன்று சொற்களும் தொண்டை வரை வந்தன. மாறிப் போட்டிருந்த அந்தப் பொத்தானைப் பார்த்தபடியே வாயை மூடிக்கொண்டார்.

“அத்தா, லைன்ல இருக்கீங்களா? எதாச்சும் சொல்லுங்கத்தா” என்று ஓரத்திலிருந்து ஃபாஜில் பதறினான்.

“சும்மா இருடா. துக்க வீட்டுக்குப் போனா யாருடா பேசுவா? போயி கூட உக்காரணும்.”

கென்னத்துக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் அவர் நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. “பாய், தார்ப்பாய் எடுங்க, நெல்லு நனையுது” என்று வெளியே யாரோ கத்தினார்கள்.

ஜெக்கரியா எழுந்து, பரணில் இருந்த தார்ப்பாய்களையெல்லாம் அள்ளி வாசலில் போட்டு, “எடுத்துட்டுப் போங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்றார். பிறகு, தெருவில் சாவு ஊர்வலம் போகும்போது எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுபோல், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, சம்பந்திக்கு எதிரே மறுபடியும் உட்கார்ந்தார்.