கரடி வந்துச்சு டீச்சர்!

நேற்று மத்தியானம் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க நல்லெண்ணெய். அந்த நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும்? எண்ணெய் விரலுக்குத் திரை மசியவே இல்லை. அழைத்தவர் யாரோ, வைத்துவிட்டார். எனக்கோ மல்லிகாவின் போன் ஞாபகம் வந்து, பழத்தைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மல்லிகா மலைமேல் புதூர்நாட்டில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தாள். சீசனில் கடை வாசலிலேயே பலாச்சுளையும் விற்பாள். அதனால் அவள் போன் திரையில் எப்போதும் ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கும், பக்கத்தில் போனாலே பலா மணக்கும். எனக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் வேலை. ஒடுகத்தூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி, டீச்சர் ஆகிவிட்ட மிதப்பில் திரிந்த காலம். ரீசார்ஜ் செய்யப் போனால் அவள் தலையையே தூக்கவில்லை.

“கொஞ்சம் இருங்க டீச்சர், இவன ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்.”

எவனை என்று எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், நானும் விழுந்தேன்.

வெளிநாட்டில் பிள்ளைகள் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்து, தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் அட்டைகள் உண்டில்லையா, மிருகம், வீரன், பூதம் என்று படம் போட்டவை? அவற்றை வைத்துச் செய்த போன் விளையாட்டு அது. கட்டம் கட்டமாக ஒரு களம். கையிலிருக்கும் அட்டையை ஒரு கட்டத்தில் வைத்தால் அதிலிருக்கும் மிருகம் எழுந்து நடக்கும். எதிராளியின் கோட்டைக் கதவை உடைத்தால் ஜெயித்தோம். இரண்டு பேர் ஜோடி சேர்ந்தும் ஆடலாம். எதை எப்போது இறக்குவது, எதைக் கடைசிவரை கைக்குள் பதுக்குவது என்பதில்தான் மூளை வேலை செய்ய வேண்டும். அட்டைகளின் இங்கிலீஷ் பெயர்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். நெருப்பு கக்கும் டிராகன் எங்களுக்கு ஓணான். கேடயம் பிடித்த ராட்சசன் தலையாரி. கரடி மட்டும் கரடிதான். பலா பழுக்கும் நாளில் நிஜக் கரடியே இறங்கி வருகிற ஊரில் அதற்கு வேறென்ன பெயர் வைப்பது?

ஜோடி என்றுதான் பேர், பக்கத்தில் உட்கார்ந்து ஆட வழியில்லை. அவள் சிம்முக்குப் பாறை உச்சியில்தான் டவர் எடுக்கும். என் சிம்முக்குக் கீழே ஜீப் திரும்புகிற வளைவில். நடுவில் ஒரு சரிவு முழுக்க முள்ளுச்செடி. ஆகவே கத்திக் கத்தித்தான் ஆடினோம். எனக்கு வகுப்பில் பழகிய தொண்டை. மல்லிகாவுக்குப் பழக்கமே வேண்டாம், பிறவி ஒலிபெருக்கி.

ஒருநாள் சரக்கெடுக்கத் திருப்பத்தூர் போனவள் கொதித்துக்கொண்டு திரும்பினாள். மொத்த வியாபாரக் கடைக்காரர் கேட்டாராம், “புதூர்நாடா? அங்கெல்லாம் கரண்ட் கீதா?” கடையே சிரித்ததாம். விளையாட்டில் சீசன் முடியும்போது முன்னணி ஜோடிகளின் பெயர்ப் பலகை வரும். உலகத்தில் எங்கிருந்து ஆடுகிறவர்களும் அதைப் பார்ப்பார்கள். அன்றைக்கே எங்கள் ஜோடிப் பெயரை அழித்துவிட்டு ‘புதூர்நாடு’ என்று இங்கிலீஷில் போட்டாள்.

“நம்ம பேரு வேணாம் டீச்சர். ஊரு பேரு வரணும். அந்தாளு மூஞ்சிக்கு நேரா காட்டணும் நானு.”

அதற்கப்புறம் அது விளையாட்டாகவா இருந்தது? பாடம் நடத்தும்போதுகூட என் மனசில் தலையாரி நின்றுகொண்டிருப்பான்.

சீசனின் கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. ஜெயித்தால் பலகை, தோற்றால் அடுத்த சீசனில் முதலிலிருந்து. எங்கள் ஓணான் செத்துவிட்டது, கதவு ஆட்டம் கண்டிருந்தது. அப்போது எதிராளி தன் பெரிய அட்டையை இறக்கினான். மேலேயிருந்து மல்லிகா அலறினாள்.

“கரடி வந்துச்சு டீச்சர்! கரடி வந்துச்சு!”

என் கையில் ஒரு படுகுழி அட்டை இருந்தது. கரடி அடுத்த கட்டத்துக்கு வந்தால் உள்ளே விழும். நானும் அடித்தொண்டையில் கத்தினேன்.

“வரட்டும்! கிட்ட வுடு! தொரத்தாத!”

ஊருக்குள் இது எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தடியும் தகர டப்பாவும் அலுமினியத் தட்டுமாக ஒரு கூட்டம் ஓடி வந்தது. முன்னால் ஜீப் ஓட்டும் மாது அண்ணன். பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் பாறைக்கு.

“எங்க மல்லிகா கரடி?”

“உள்ள கீதுண்ணா,” என்றாளாம் அவள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். மாது அண்ணன் பாறை இடுக்கில் தடியை விட்டுக் குத்திப் பார்த்தாராம்!

விஷயம் புரிந்ததும் திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள், கரடி இல்லை என்று சொல்ல. இருந்த கொஞ்சநஞ்ச டவரும் போய்த் திரை சுற்றத் தொடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“போன அமுத்துங்க எல்லாரும்! நம்ம ஊரு பேரு வரப் போவுது!” என்று மல்லிகா போட்ட சத்தத்தில் மாது அண்ணன் முதல் ஆளாகத் தன் போனை அணைத்தார். ஒவ்வொருவராக அணைத்தார்கள். திரை உயிர் பெற்றது. கரடி ஒரு கட்டம் நகர்ந்தது, நான் அட்டையை வைத்தேன், பொத்தென்று விழுந்தது குழியில்! தலையாரி நடந்து போய்க் கதவை உடைத்தான். கரடிக்காகக் கொண்டுவந்த தட்டையெல்லாம் எங்களுக்காக அடித்தார்கள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்த அன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை முதல் ஜீப்பில் மல்லிகா திருப்பத்தூர் போய்ப் பலகையைக் கடைக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டு மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடிவிட்டு, “இதுல திருப்பத்தூர் எங்க கீது?” என்று கேட்டாராம்.

“இல்லீங்க,” என்றாளாம் இவள்.

இப்போது நான் மலையிறங்கி ஒடுகத்தூருக்கே வந்துவிட்டேன். போன வருஷம் அந்த விளையாட்டை நடத்திய கம்பெனி அதையே மூடிவிட்டது. மல்லிகாதான் கூப்பிட்டுச் சொன்னாள்.

“தொறந்தா வெறும் வெள்ளையா கீது டீச்சர். நம்ம பேரு இருந்த பலகையும் இல்ல. நீங்க போட்டோ கீட்டோ புடிச்சு வச்சிருக்கீங்களா?”

நான் பிடிக்கவில்லை, அவளும் பிடிக்கவில்லை. உலகமே பார்க்கிற இடத்தில் மாட்டியிருப்பதைத் தனியாக ஒரு போட்டோ வேறு எடுப்பானேன் என்று இருந்துவிட்டோம்.