அண்ணன் படித்த கணக்கு

பேத்தியின் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டும்போது, பசையின் வாசனை என்னைத் தலத்தெருவில் நான் வளர்ந்த வீட்டுக்கு இழுத்துப்போனது.

காய்ச்சலில் இறந்த அண்ணனின் கணக்குப் புத்தகத்தை அம்மா எனக்காகப் பத்திரப்படுத்தியிருந்தாள். நான் கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யு.சி.யில் சேர்ந்த வருடம் பாடத்திட்டம் மாறிவிட்டது. செட், சப்செட் என்று எல்லாமே புதிது. அப்பா வேறு புத்தகம் வாங்கிவந்தார்.

“அப்ப அவன் ராப்பகலா படிச்சதெல்லாம் தப்பாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“தப்பில்ல. அதுவும் கணக்குதான்,” என்றார் அப்பா.

அம்மா புதுப் புத்தகத்துக்கு லேபிள் ஒட்டி என்னிடம் நீட்டினாள். “உன் பேரோட அண்ணன் பேரையும் எழுதிக்கப்பா.”

கல்லூரியில் விரிவுரையாளர் அதைப் பார்த்துவிட்டு, “ரெண்டாவது பேரு யாருது?” என்று கேட்டார்.

“எங்க அண்ணன் சார். என்கூடப் படிக்கிறாரு,” என்றேன்.