மைனஸ் பேசிய இரண்டு நிமிடம்

அவருக்குப் பெயர் வைத்தது அப்பாவும் அம்மாவும். அதை அழித்துவிட்டு வேறு பெயர் வைத்தது குளிர்பதனக் கிடங்கில் கூட வேலை பார்ப்பவர்கள். மைனஸ் பதினெட்டு டிகிரியில் இருக்கும் ஆறு அறைகளும் அவர் பொறுப்பு, அதனால் மைனஸ். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் சொந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும்.

வேலை இதுதான். பஞ்சு வைத்த கோட்டும் கம்பளித் தொப்பியும் மாட்டிக்கொண்டு, மணிக்கொரு முறை ஆறு அறைகளையும் சுற்றி வர வேண்டும். ஐஸ்கிரீம் வாளிகள், உறைந்த பட்டாணி மூட்டைகள், மீன் பெட்டிகள். ஒவ்வொரு அறையிலும் கதவு, விசிறி, தரை, டிகிரி எல்லாம் பார்த்து அட்டையில் செருகிய தாளில் குறிக்க வேண்டும். உள்ளே யாரும் வளவளவென்று பேச மாட்டார்கள். வாயைத் திறந்தால் பல் கூசும், மூச்சு மீசையில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். எதுவானாலும் மூன்று வார்த்தைக்குள் முடித்துவிடுவார்கள். "கதவு சரியா மூடல." "ஃபேன் சத்தம் போடுது." "தரை வழுக்குது, பாத்து." பதினாறு வருஷம் இப்படியே பழகிப்போனதில், வெளியே வெயிலில் வந்து நின்றாலும் மைனஸுக்கு நாலாவது வார்த்தை வராது.

கல்யாணமான புதிதில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, என்கிட்ட பேசறதுக்கும் அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டுத்தான் வரணுமா?"

அவள் விடாக்கண்டி. ராத்திரி பாத்திரம் கழுவும்போது அவர் கையில் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்வாள். ஒரு தட்டுக்கு ஒரு கேள்வி. பதில் சொல்லாமல் அடுத்த தட்டு கைக்கு வராது. அப்படிக் கறந்து கறந்துதான் அவரிடமிருந்து பேச்சை வாங்கினாள். உலகத்திலேயே மைனஸ் முழு வாக்கியம் பேசிய ஒரே இடம் அந்தச் சமையலறைதான் என்றால் மிகையில்லை.

அப்படிப்பட்டவள் மூன்று வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டிப் போய்விட்டாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது. கணவனையும் அழைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும் என்றது அந்த நாடு. வாசிப்பதிலும் எழுதுவதிலும் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது பேச்சு. கொடுக்கிற தலைப்பில் இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். இரண்டு முறை போனார், இரண்டு முறையும் கோட்டைவிட்டார். அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்காரர்கள் இந்த வருஷக் கடைசிக்குள் குடும்ப அனுமதிக்கு விண்ணப்பிக்கத்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆக, மூன்றாவதுதான் கடைசி.

முதல் பரீட்சைக்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்தது, ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு டீச்சர் நடத்திய ஆங்கில வகுப்பில். மைனஸைவிடப் பத்து வயது சின்னவர், பொறுமையில் பூமாதேவி. முதல் நாள் அவர் கரும்பலகையில் எழுதியது "இட் ஈஸ்" என்று தொடங்கும் வாக்கியங்கள். இட் ஈஸ் கோல்டு. இட் ஈஸ் லேட். இட் ஈஸ் ஈஸி. மைனஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றே வார்த்தை! யார் என்ன என்று ஆளைத் தேட வேண்டாம். இருக்கிற நிலைமையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். ஆங்கிலேயர்களும் எங்கேயோ குளிர்பதன அறையில் வேலை பார்த்தவர்கள்தான் போலிருக்கிறது என்று அவருக்கு அந்த மொழிமேல் முதல் முறையாக ஒரு பாசம் வந்தது. ஒரே வாரத்தில் அந்த வாக்கியத்தில் புகுந்து விளையாடினார். அடுத்த பாடத்துக்கு மட்டும் அவர் நாக்கு நகரவே இல்லை. டீச்சர் எதைக் கேட்டாலும் இட் ஈஸ்தான்.

"அண்ணே, உங்க வீட்டுக்காரம்மா என்ன வேலை பாக்கறாங்க, இங்கிலீஷ்ல சொல்லுங்க?"

"இட் ஈஸ் டிஃபிகல்ட்."

"கேள்வியா, வேலையா?"

"ரெண்டும்," என்றார் மைனஸ்.

டீச்சர் யோசித்து ஒரு வழி சொன்னார். "அக்காகூட போன்ல பேசும்போது இங்கிலீஷ் மட்டும் பேசுங்க. ஒரு வார்த்தைகூட தமிழ் கூடாது. அப்பதான் நாக்கு திரும்பும்."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அவர்கள் இருவரும் அதைச் சத்தியம் மாதிரி பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு அவளுக்குப் பதினைந்து நிமிட இடைவேளை. அந்தப் பதினைந்து நிமிடத்தில் தமிழ் எட்டிப் பார்க்கக் கூடாது. சேர்ந்து இருக்க வேண்டும் என்றுதானே இத்தனை பாடு, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். கொஞ்ச நாள் பத்தொன்பது மாதம் ஆயிற்று.

அவளுக்கு அங்கே ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு ஆகிவிட்டது. ஆனால் புருஷனுக்குப் புரிய வேண்டுமே என்று தன் பேச்சையும் அவர் அளவுக்கு நறுக்கிக்கொண்டாள். "இட் ஈஸ் ரெய்னி" என்பாள். "இட் ஈஸ் ஹாட்" என்பார் இவர். வீடு எப்படி என்று கேட்டால் "இட் ஈஸ் ஃபைன்." ஒருமுறை நாலு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து உட்கார்ந்த நேரம் போன் வந்தது. சொல்ல வாக்கியம் இல்லை. "இட் ஈஸ் ஃபைன்" என்றார். இன்னொரு ஞாயிறு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கும் கிழவி ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டதைச் சொன்னாள். ஆறுதல் சொல்ல நெஞ்சு முட்டியது மைனஸுக்கு. நெஞ்சில் இருந்ததெல்லாம் தமிழ். "இட் ஈஸ்... இட் ஈஸ் வெரி சேட்," என்றார். போனை வைத்த பிறகு, சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் சமையலறைச் சுவரிடம் தமிழில் சொன்னார். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் சொன்னார்.

அவளை நினைத்து ஏங்கியது ஒரு பக்கம். அவளிடம் பேசிய பேச்சை நினைத்து ஏங்கியது அதைவிட அதிகம்.

மூன்றாவது பரீட்சைக்கு டீச்சர் வேறு வழி பார்த்தார். "என் குடும்பம்", "என் வேலை" என்று இரண்டு கட்டுரைகளைத் தானே எழுதிக் கொடுத்தார். "இந்த ரெண்டுல ஒண்ணுதான் வரும் அண்ணே. மனப்பாடம் பண்ணிடுங்க, மூச்சு விடாம ஒப்பிச்சுட்டு வந்துடுங்க." மைனஸ் தலைகீழாக நின்று மனப்பாடம் செய்தார். பட்டாணி மூட்டைகளிடமும் மீன் பெட்டிகளிடமும் ஒப்பித்தார். கூட வேலை பார்ப்பவர்கள், "மைனஸுக்கு மூளையும் உறைஞ்சு போச்சுடா," என்று பேசிக்கொண்டார்கள்.

பரீட்சை அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மணி. எதிரே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். சீட்டை எடுத்து நீட்டினார். "நீங்கள் வசிக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் இருந்தது.

வீடா! குடும்பமும் இல்லை, வேலையும் இல்லை. மனப்பாடம் பண்ணியது மொத்தமும் ஒரே வினாடியில் காற்றில் போயிற்று. மைனஸ் திருதிருவென்று விழித்தார். பத்து வினாடி, இருபது வினாடி. போயிற்று, இனி அவளை எப்போது பார்ப்பது? அப்போதுதான் அந்த அம்மாள் கையில் இருந்ததைப் பார்த்தார். அட்டை, அதில் செருகிய தாள், கட்டம் கட்டமாகக் கோடு. தினமும் தன் கையில் இருப்பது போலவே.

அவ்வளவுதான். எப்போதும் போல ரவுண்டு கிளம்பிவிட்டார், இந்த முறை தன் வீட்டுக்குள்.

"டோர். இட் ஈஸ் ஓல்டு. இட் ஈஸ் நாய்ஸி," என்று வாசலில் தொடங்கினார். கூடத்துக்குப் போனார். "சேர். டூ சேர்ஸ். ஒன் சேர், இட் ஈஸ் டஸ்ட்டி." சமையலறைக்கு வந்தார். "கிச்சன். இட் ஈஸ் க்ளீன். இட் ஈஸ் டூ க்ளீன். இட் ஈஸ் நாட் குட்." அங்கேயே நின்றார். பாத்திர அடுக்கு கண்ணில் தெரிந்தது. "ஒன் ப்ளேட். இட் ஈஸ் வெட். அதர் ப்ளேட், இட் ஈஸ் டிரை. த்ரீ இயர்ஸ், இட் ஈஸ் டிரை."

படுக்கையறைக்குப் போய், கட்டில் பெரியதாக இருக்கிறது என்றார், மூன்று வருஷமாகப் பெரியதாகிக்கொண்டே போகிறது என்பதையும் எப்படியோ சொல்லிவிட்டார். அலமாரியில் ஒரு பக்கம் நிறைய இருக்கிறது, திறப்பதில்லை, வாசனை போய்விடும் என்றார். கடிகாரத்துக்கு வந்தார். "சண்டே. ஒன் ஓ க்ளாக். இட் ஈஸ் ஷார்ட். இட் ஈஸ் வெரி ஷார்ட்." மணி அடித்தது. மைனஸுக்குக் கோபமே வந்துவிட்டது. பின்கட்டு இன்னும் பார்க்கவில்லையே!

மூன்று வாரம் கழித்து, நாலாம் நம்பர் அறையிலிருந்து வெளியே வந்து செல்போனை எடுத்தபோது முடிவு வந்திருந்தது. தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையுறையைக் கழற்றாமலே தப்பும் தவறுமாகத் தட்டி மனைவிக்கு அனுப்பினார். செவ்வாய்க்கிழமை, அவளுக்கு வேலை நேரம். ஒரு நிமிடத்தில் போன் அடித்தது.

"என்னங்க," என்றாள் அவள்.

பத்தொன்பது மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. மைனஸ் குளிர் அறைக் கதவில் சாய்ந்துகொண்டார்.

"துணி வைக்கிற ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டுப் பேசறேன். பேப்பர் எல்லாம் முடிய இன்னும் நாலஞ்சு மாசம் ஆகுமாம். ஆகட்டும். இனிமே தமிழ்லயே பேசலாம்ங்க. பேசுங்க."

என்ன பேசுவது? சேர்த்து வைத்தது மலையாகக் குவிந்திருந்தது. "இட் ஈஸ்..." என்று தொடங்கினார்.

"ஐயோ, அது வேணாம்!" அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. "அது எனக்கு அலுத்துப் போச்சு. உங்க குரல்ல வேற ஏதாவது சொல்லுங்க."

"எனக்குக் காய்ச்சல் வந்துது," என்றார். "போன வருஷம். நாலு நாள். நீ கேட்டப்போ ஃபைன்னு சொல்லிட்டேன்."

"தெரியும். குரல்லயே தெரிஞ்சுது. இங்கிலீஷ்ல நீளமா கேட்டா உங்களுக்குப் புரியாதேன்னுதான் வாயை மூடிக்கிட்டேன். அன்னிக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கல."

உள்ளேயிருந்து யாரோ, "மைனஸ், கதவு பாரு," என்று குரல் கொடுத்தார்கள். அவர் நகரவில்லை. மீசையில் உறைந்திருந்தது கரைந்து வழிந்தது, கூடவே கண்ணும் வழிந்ததால் எது எதுவென்று தெரியவில்லை.

"பரீட்சையில அப்படி என்னதான் சொன்னீங்க?"

"நம்ம வீட்டைச் சொன்னேன். உன் தட்டு மூணு வருஷமா அப்படியே காஞ்சு கிடக்குதுன்னு சொன்னேன்."

மைனஸ் போனைக் காதோடு அழுத்தினார்.

"வரும்போது அதை எடுத்துட்டு வாங்க," என்றாள் அவள்.